தகடு இல்லாத நாய்

1946 ஐப்பசி, செவ்வாய்.

நகராட்சியில் நாய்களைப் பதிந்து தகடு கொடுக்கும் குமாஸ்தா நான். இன்று காலை எதிர்வீட்டு முத்தையா அண்ணாச்சியின் நாய் என் மகள் செல்வியின் கையைக் கடித்துவிட்டது. அதன் கழுத்தில் தகடு இல்லை.

அபராதத்துக்குப் பயந்து அண்ணாச்சி, "அது எங்க நாயில்லப்பா, தெருநாயி" என்று சாதித்தார். ஆத்திரத்தில், அதைச் சுடும்படி நானே சீட்டு எழுதி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் சுட்டு, உப்பளத்துப் பக்கம் புதைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்த்திருந்தா வெறிநாயா இல்லையான்னு தெரிஞ்சிருக்குமே. யாருவே சுடச் சொன்னது?"

நான் செல்வியின் சட்டையைத் தூக்கிப் பிடித்தேன். செல்வியின் வயிற்றில் முதல் ஊசி போட்டார்கள். இன்னும் பதின்மூன்று இருக்கிறது.

சாப்பிடும்போது அவள் தண்ணீர் கேட்டாள். தண்ணீரைக் கண்டாலே மிரள வைக்கும் அந்த நோய் இத்தனை சீக்கிரம் வெளியே தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.