நீ தோளில் கொண்டுபோன விளிம்புக் கட்டை

என் அருமைத் தம்பி முருகேசா,

பில்லியர்ட்ஸ் மேசையிலிருந்து நீ கழற்றி வந்த விளிம்புக் கட்டைகள் ஐந்தும் இன்னும் கூடத்துச் சுவரில்தான் சாய்ந்திருக்கின்றன. புது ரப்பர் ஒட்டுவதற்காக, கல்லாக இறுகிய பழைய ரப்பரை இரண்டில் மட்டும் செதுக்கி எடுத்திருக்கிறாய். ஆறாவது கட்டை காவல் நிலையத்தில் இருக்கிறது. மறியல் கூட்டத்தில் உன் கையிலிருந்த ஆயுதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

மனமகிழ் மன்றத்துச் செயலாளர் நேற்று வந்தார். வெள்ளைக்காரன் காலத்து மேசையாயிற்றே, வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்கிறார்களாம். எண்ணிப் பார்த்துவிட்டு, “கட்ட ஒன்னு கொறையுதேம்மா?” என்றார்.

“எங்க வூட்லயும்தான் ஒன்னு கொறையுது சார்,” என்றாள் உன் மனைவி செல்வி.

மன்றத்து வேலையாகத்தான் நீ மெட்ராஸ் புறப்பட்டாய் என்று, விசாரணையில் காட்ட ஒரு கடிதம் கேட்டேன்.

“வேல குடுத்தது நாங்கதாம்மா. அன்னிக்கே போன்னு யாரு சொன்னது? கலாட்டா அடங்கட்டும்னுதான நான் சொன்னேன்?”

அவர் சொன்னது பொய்யில்லை.

நீயும் அதைத்தானே சொன்னாய்? “எடஒதுக்கீடு கேட்டு ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்கக்கா. ஒரு வாரம் போவட்டும்.” வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான், தாமதமானால் என் பெயர் கெடும் என்ற கவலை எனக்கு. “சாயந்தரத்துக்குள்ள கலஞ்சிடுவாங்க. பயந்தாங்கொள்ளி!” என்றேன். அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போகச் சொன்னதற்குச் சிரித்தாய். “பழைய மேசக்கா. கட்டையோட சரிவுல வச்சிப் பாத்துதான் ரப்பர் வாங்கணும். இல்லன்னா பந்து எகிறும்.” கட்டையைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினாய்.

பஸ் பாதி வழியில் நின்றுவிட, இறங்கி நடந்தாயாம். தடியடியில் எல்லோரும் சிதறி ஓடியபோது நீயும் அதைப் போட்டுவிட்டு ஓடியிருக்கக் கூடாதா? அடுத்தவர் பொருள் என்றா பிடித்துக்கொண்டிருந்தாய்? தலையில் பட்ட அடியோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். ஒருமுறைகூடக் கண் திறக்காமலே போய்விட்டாய்.

மறியல் செய்தவர்கள் கேட்டது நியாயமாகவே இருக்கலாம். நீ போராடப் போயிருந்தால் அதையும் தலைநிமிர்ந்து சொல்லியிருப்பேன். ஆனால் நீ போனது ரப்பர் வாங்க.

அடுத்த வாரம் உன் சாவைப் பற்றி விசாரணை. அங்கே பேசுவதுகூட எனக்குச் சிரமமில்லை. இங்கே, அடுப்படியில் இருக்கும் செல்வியிடம் எப்படிச் சொல்வேன்? ‘யாரு சொல்லி அவரு போனாரு?’ என்று தினமும் கேட்கிறாள். என் முகத்தைப் பார்த்தே கேட்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் அவளிடம் போகிறேன். போகச் சொன்னது நான்தான் என்று முதலில் அவளிடம் சொல்வேன், பிறகு அதையே விசாரணையில் எழுதிக் கையெழுத்திடுவேன். அதன்பின் அவள் என்னை இந்த வீட்டில் இருக்கச் சொன்னாலும் சரி, வெளியே போகச் சொன்னாலும் சரி.

உன்னோடு பிறந்தவள்,
கமலா