உன் நட்சத்திரம் கேட்டை

என் அருமை ஏழுமலைக்கு,

"மனு எழுதுறவனுக்கே லெட்டரா?" என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரில் குடைக்கு அடியில் மேஜை போட்டு, ஊரார் குறையையெல்லாம் எழுதிக்கொடுத்தவன் நீ. கிரிவலப் பாதையோரத்தில் ஒரு சின்னப் பிள்ளையாருக்குப் பூஜை செய்கிறவன் நான். "நீயும் மனுதான் குடுக்கற ஐயரே. என்னுது கலெக்டர்கிட்ட போவுது, உன்னுது மேல போவுது" என்பாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நான் உனக்கு ஐயருதான்.

உன் தலைத்திவசம் முடிந்து பத்து நாள் ஆகிறது. உன் சம்சாரம் வசந்தா உன் மேஜையிலேயே உட்கார்ந்து மனு எழுதுகிறாள். உன் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. உன் பெண் யாழினி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நல்ல சேதி இவ்வளவுதான். இனி எழுதப்போவது என் மானக்கேடு.

உன் இரண்டு கிட்னியும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன வாரம், என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "நாப்பத்தெட்டு நாள் காலைல என் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணுடா. என்னால வர முடியல. நீ சொன்னா அவரு கேப்பாரு." பேரும் நட்சத்திரமும் சொல்லி நாலு பூ போட எவ்வளவு நேரம் ஆகும்?

எட்டு நாள் சொன்னேன். ஒன்பதாம் நாள் பௌர்ணமி, கூட்டத்தில் மறந்துபோனது. பத்தாம் நாள் ஞாபகம் இருந்தது. இருந்தும் சொல்லவில்லை. டாக்டரே கைவிரித்தபிறகு நான் பேர் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. வருஷக்கணக்காகவே வாய் மந்திரம் சொல்லும், மனசு எங்கேயோ சுற்றும். யாருக்கும் தெரியாது என்று இருந்தேன்.

ஆனால் சாயந்திரமானால் விபூதி குங்குமம் மடித்து உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். "இன்னிக்கு சொன்னியாடா?" என்று கையை நீட்டுவாய். "சொல்லாம இருப்பேனா?" என்பேன், கூசாமல். டயாலிசிஸ் முடிந்து சுருண்டு கிடக்கிற நாளிலும் எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடிப் பூசிக்கொள்வாய்.

இருபது நாள் போயிருக்கும். நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். "என்னை அவருக்கு ஞாபகம் இருக்குமாடா? என் நட்சத்திரம் என்ன, சொல்லு பாப்போம்."

ரோகிணி என்றேன்.

நீ கேட்டை. தினமும் சொல்லியிருந்தால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வந்திருக்கும். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாய். பிறகு "விபூதி குடு" என்று கையை நீட்டினாய். அடுத்த நாளிலிருந்து, சொன்னியா என்று நீ கேட்கவே இல்லை. ஏன்டா திட்டவில்லை? பளார் என்று ஒரு அறை விட்டிருக்கலாமே.

அன்றைக்காவது மறுபடி ஆரம்பித்திருக்கலாம். சந்நிதியில் நிற்கவே வெட்கமாக இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

நேற்று காலை வசந்தா யாழினியோடு வந்தாள். வருஷம் திரும்புகிறவரை கோயில் படி ஏறாமல் இருந்தவள். தட்டோடு ஒரு தாளையும் நீட்டினாள். "அவரு எழுதி வச்சதுண்ணே. வருஷம் கழிஞ்சு மொத அர்ச்சனை இந்தப் பேருங்களுக்குப் பண்ணணும்னு சொல்லிட்டுப் போனாரு." நீ மனு எழுதுகிற அதே முழுத்தாள். வசந்தா, உத்திரம். யாழினி, சித்திரை. மூன்றாவதாக, நாகராஜன், அனுஷம்.

என் பேர். ஊருக்கெல்லாம் அர்ச்சனை செய்கிறவனுக்கு ஒரு அர்ச்சனை என்று யாருக்கும் தோன்றியதில்லை. என் நட்சத்திரத்தை எப்போது கேட்டு வைத்துக்கொண்டாய்? அர்ச்சனையில் மூன்றாவது பேர் வந்தபோது பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தேன். வெகு காலத்துக்குப் பிறகு, கேட்கிறவர் ஒருவர் எதிரில் இருக்கிறார் என்று பட்டது. மந்திரம் நின்றுபோய், "என்னை விட்டுடாதப்பா" என்று அழுகையோடு தமிழிலேயே வந்துவிட்டது.

வசந்தா என் அழுகையைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். "அழாதீங்கண்ணே. தெனம் அவரு பேரைச் சொன்னீங்களே, அந்தத் தெம்புலதான் கடைசி வரைக்கும் இருந்தாரு. நானும் அதுலதான் நிக்கிறேன்" என்றாள். தட்டைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவள் நிற்பது என் பொய்மேல். அதை உருவிவிட்டால் விழுந்துவிடுவாளோ? நேற்றிலிருந்து இதே யோசனைதான். ஆனால், நான் சொல்லவில்லை என்று தெரிந்தபிறகும் நீ விபூதிக்குக் கை நீட்டினாயே. அது என்னை நம்பி நீட்டிய கை இல்லை, ஏழுமலை. பூஜை செய்கிற எனக்கு அது இப்போதுதான் புரிகிறது.

இறந்தவர் பேரில் அர்ச்சனை கிடையாது. விட்ட நாட்களை இனி எங்கே போய்ச் சொல்வேன்? ஏழுமலை, கேட்டை என்று வெறும் வாயால் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். இப்போது மறப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை வசந்தா மறுபடி வருகிறாள். தட்டை வாங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ரோகிணியையும் சொல்வேன், நீ அதற்குப் பிறகும் கை நீட்டியதையும் சொல்வேன். அப்புறமும் அவள் தட்டை நீட்டினால் தாளைப் பார்க்காமலே சொல்வேன், வசந்தா உத்திரம், யாழினி சித்திரை என்று. நீட்டாமல் திரும்பிப் போனாலும் தினமும் காலையில் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

வசந்தா இனியும் அண்ணன் என்று கூப்பிடுவாளா என்று தெரியாமல் இருக்கும்,
உன் கூடப்பிறக்காதவன்,
ஐயரு