நான் மிதக்கவிட்ட தடாகம்

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் தூறல். என் மனைவி நஸீறா சுட்ட ரொட்டியைக் கடித்தால் பல் கழன்றுவிடும். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இன்னும் முப்பத்திரண்டு பல்லும் இருப்பதால் சமாளித்தேன்.

பத்து மணிக்கு என் தங்கச்சியின் மகள் ஸுஹைனா வந்தாள். தன்னாமுனையில், வாவிக்கரையோடு இருக்கிற பழைய விடுதியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாளாம். பின்பக்கம் ஒரு நீச்சல் தடாகம். பத்து வருடமாக ஆள் இறங்கவில்லை. பச்சைத் தண்ணீர், தவளை, பூச்சு அங்கங்கே பெயர்ந்து கிடக்கிறது. அதைப் புதிதாகப் பூசி, பெண்களுக்கு மட்டும் நீச்சல் பழக்கப் போகிறாள். பெப்ரவரி முதலாம் திகதி திறக்காவிட்டால் விடுதிக்காரர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"மாமா, உங்களால ஏலுமா?"

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறாள்? கட்டாரில் பதினேழு தடாகம் பூசியவனிடம். ஒரு ஷேக் என் சாந்துக் கரண்டியைத் தன் வரவேற்பறையில் மாட்டி வைக்கக் கேட்டவர்.

பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு என்று பள்ளிவாசல் சந்தியில் நாலு பேர் வாய் கோணுகிறார்கள். கோணட்டும். அவள் உம்மா இருபது வருடத்துக்கு முன் அந்தச் சுனாமி அலையில் போனது நெஞ்சளவுத் தண்ணீரில். நீந்தத் தெரியாது. ஸுஹைனாவுக்கு அப்போது ஒன்பது வயது, மதில் மேல் நின்று பார்த்தவள்.

ஏலும் என்று சொன்னேன்.

நவம்பர் 24, ஞாயிறு

எஞ்சினியர் ஒருவனையும் கூட்டி வந்திருக்கிறாள். பெயர் ஷிஹான். பட்டணத்தில் படித்து, அதைவிடப் பெரிய பட்டணத்தில் இன்னும் படித்து, இப்போது காலில் போட்ட சப்பாத்தில் சேறு பட்டால் நின்று துடைக்கிறான். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அவர்களிடம் ஒன்றுமில்லை.

தடாகத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான். இப்போது தண்ணீரை இறைக்கக் கூடாதாம். வாவி வற்றட்டுமாம். அடியில் ஒரு மூடி இருக்குமாம், அதை முதலில் கண்டுபிடித்துத் திறக்க வேண்டுமாம். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். பொறுக்க வேண்டும் என்றான். பொறுப்பதற்கு ஒரு எஞ்சினியர் எதற்கு? எங்கள் வீட்டுப் பூனை சும்மாவே பொறுக்கும்.

நவம்பர் 28, வியாழன்

மணல் வந்தது. லொறிக்காரன் ஆற்று மணல் என்று சத்தியம் பண்ணினான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கடற்கரையில் அள்ளியது. இதைக் குழைத்துப் பூசினால் ஆறு மாதத்தில் வெள்ளை பூத்துச் சுவர் தேமல் விழுந்த முகம் மாதிரி ஆகும். திருப்பி அனுப்பினேன். ஷிஹான் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் படித்த இடத்தில் நாக்குக்குப் பாடம் இல்லைப்போல.

மழை, மழை, மழை.

டிசம்பர் 2, திங்கள்

வெயில். வானம் கழுவின பீங்கான் மாதிரி. திறப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நாளைக்கு இறைக்கிறேன் என்று முடிவு.

வேலிக்கு அந்தப் பக்கம் இளையதம்பி. வாவியில் வலை வீசுகிறவன், என்னோடு ஒத்த வயது, ஆனால் பார்த்தால் என் வாப்பா மாதிரி இருப்பான். என்னை அண்ணனாக்கிக் காக்கா என்பான். பம்பு இரண்டு இரவல் கேட்கப் போனேன். தந்தான், வாயையும் சேர்த்துத் தந்தான்.

"காக்கா, ஆத்துவாய் இன்னும் வெட்டல்ல. தண்ணி என்ட தோணி கட்டுற கட்டைக்கு மேல நிக்குது. கொஞ்சம் பொறுங்களன்."

முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? நான் கடலையா பூசப் போகிறேன்? ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இந்த ஊரில் கிணறு இறைத்துச் சுத்தம் பண்ணுகிறவன் யார்? தொளாயிரம் கிணறு. இறைக்க வேண்டியது, அடி மணல் தெரிய வேண்டியது, சேறு அள்ள வேண்டியது. தடாகம் என்பது சதுரக் கிணறு. அவ்வளவுதான்.

டிசம்பர் 3, செவ்வாய்

இறைத்தாயிற்று. காலை ஏழு மணிக்குத் தொடங்கி அஸர் தொழுகைக்குள், பின்னேரமே தரை தெரிந்தது. தவளைகளை வாளியில் அள்ளி வாவிக்குள் விட்டேன். ஷிஹானுக்கு ஃபோன் பண்ணவில்லை. அவன் இன்னும் பொறுத்துக்கொண்டிருப்பான்.

கட்டாரில் பூசியது இருபத்து மூன்று. முன்பு குறைத்து எழுதிவிட்டேன்.

டிசம்பர் 4, புதன்

காலையில் போனேன். ஆழப் பக்கத்தில், தடாகத்தின் விளிம்புக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் படி வைத்த மாதிரி ஒரு உயரம். நேற்று சமமாக இருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். நாலு விரல்.

முதலில் நிலம் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். நிலம் இறங்குமா? ஒரே இரவில்? உள்ளே இறங்கினேன். ஆழம் தொடங்குகிற சரிவில் குறுக்கே ஒரு வெடிப்பு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. ஓரத்துக் குழாய் ஒடிந்து வாயைப் பிளந்து நிற்கிறது.

இளையதம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். நல்லா நேரம் எடுத்துப் பார்த்தான்.

"காக்கா, தோணியக் கட்டிப் போடுங்க. விட்டா மாங்கேணிக்குப் போயிரும்."

மீன் நாறிய வாய். அவனுக்குத் தெரியுமா சாந்தைப் பற்றி? — ஆனால் அவன்தான் சரி. அது மிதக்குது. சீமெந்துத் தடாகம், அத்தனை தொன் கல்லு, மிதக்குது. எங்கட வாப்பா காலத்திலயும் கேள்விப்படல்ல. நான் என்னத்தச் செய்து வெச்சிரிக்கன்?

டிசம்பர் 5, வியாழன்

தார்ப்பாய் போட்டு மூடினேன். ஸுஹைனாவிடம் "தடாகம் காயுது, பார்க்கப்படா" என்றேன். நம்பினாள். மழை திரும்பவும்.

டிசம்பர் 6, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஸுஹைனா தடாகத்தடிக்கு வந்தாள். கையில் பெயர்ப் பட்டியல். நாற்பத்தொரு பெண்கள் பதிந்திருக்கிறார்கள். ஏறாவூர், காத்தான்குடி, இங்கே தன்னாமுனையிலிருந்தும் ஆறு பேர். பெருமையாக நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். முதல் பெயர் நஸீறா. என் மனைவி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது வருடம் ரொட்டி தட்டுகிறவள் நீந்தப் போகிறாளாம்.

அந்த வெடிப்பு ஞாபகம் வந்தது. நஸீறா அதற்கு மேலே, நெஞ்சளவுத் தண்ணீரில்.

தார்ப்பாயை இழுத்துக் காட்டினேன். ஸுஹைனா கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாமா, மெய்யச் சொல்லுங்க. கட்டார்ல எத்தின தடாகம் பூசினீங்க?"

இருபத்து மூன்று என்று வாய் திறந்தது. மூடினேன்.

"பூசல்ல புள்ள. பூசினவனுக்குச் சாந்து சுமந்தன். ஒரு தடாகத்துக்கு. அதுவும் அரைவாசிதான்."

"இத அண்டைக்கே சொல்லிரிக்கலாமே."

"நீ கேக்கல்லியே."

"ஏலுமாண்டு கேட்டன்தானே."

கேட்டாள்தான். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஃபோனை எடுத்தாள். ஷிஹானைக் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். நான் சைக்கிள் பக்கம் நகர்ந்தேன்.

"நீங்க வீட்ட போகப்படா மாமா. இஞ்சயே நிக்கணும்."

நின்றேன். ஜும்ஆவை இங்குள்ள சின்னப் பள்ளியில் தொழுதுவிட்டு வந்து, திரும்பவும் நின்றேன்.

ஷிஹான் வந்தான். திட்டவில்லை. கொத்தனாருக்குரிய மரியாதையோடு 'பாஸ்' என்றே கூப்பிட்டான். அதுதான் பெரிய எரிச்சல். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம். "கிணத்துக்கு அடி திறந்திரிக்கி பாஸ், தண்ணி உள்ளுக்கு வந்து சமனாகும். இது அடி மூடின சட்டி. உள்ள வெறுமையாக்கிட்டு, வெளியில வாவி தள்ளினா, சட்டி எழும்பத்தான் செய்யும்" என்றான். அந்தத் தண்ணீரை உள்ளே விடுகிற மூடி இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தான். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இனி அடியில் துளை போட்டு வாவியை உள்ளே விடுவதுதான் வழி, இல்லாவிட்டால் இன்னும் எழும்பும்.

அலவாங்குக் கடப்பாரையை நானே எடுத்தேன். வேறு ஆள் தொடப்படாது. நாலு துளை. நாலாவதில் தண்ணீர் தென்னைமர உயரத்துக்குப் பாய்ந்தது. சரி, முழங்கால் உயரம்.

டிசம்பர் 9, திங்கள்

இன்று ஆற்றுவாய் வெட்டினார்கள். இளையதம்பி மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னான், தானே போய் வெட்டின மாதிரி. சேற்று நிறத்தில் தண்ணீர் கடலுக்குப் போகிறதாம்.

டிசம்பர் 12, வியாழன்

வாவி இறங்கிவிட்டது. இளையதம்பியின் தோணிக் கட்டை முழுக்க வெளியே தெரிகிறது. தடாகமும் இறங்கியிருக்கிறது. மூன்று விரல் இறங்கி, ஒரு விரல் அப்படியே நிற்கிறது. இனி இறங்காது, அடியில் மணல் புகுந்துவிட்டது என்கிறான் ஷிஹான். அவன் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுத்து மோசமான எழுத்து, அவன் சொன்ன வேகம் அப்படி.

துளைகள் வழியாகச் சீமெந்துப் பால் ஊற்றி அடி வெற்றிடத்தை நிரப்பினோம். வெடிப்பை வெட்டி விரித்துக் கம்பி வைத்துக் கட்டினோம். புதிய மூடி ஒன்று, பித்தளையில். நான்தான் இறுக்கினேன்.

டிசம்பர் 26, வியாழன்

வேலை இல்லை. அலை வந்து இன்றோடு இருபது வருடம். ஸுஹைனா வந்து, விளிம்பில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். நானும் அந்தப் பக்கத்து விளிம்பில் இருந்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

பழைய பூச்சுக்கு மேலேயே புதிய பூச்சைப் பூசிவிட்டு ஓடுகிற பாஸ்மார் இந்த மாவட்டத்தில் நிறைய. உள்ளே பொள்ளல் இருந்தால், பூச்சு சுவரைப் பிடிக்காமல் நின்றால், ஒரு மாரி மழைக்குள் கொப்புளித்துக் கழன்றுவிடும். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

ஷிஹான் பார்த்துவிட்டு ஆறு இடம் பொள்ளல் என்று குறித்தான். நான் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டு போனேன், காதைச் சுவரோடு வைத்து. நல்ல பூச்சு 'டக்' என்னும், பொள்ளல் 'டொப்' என்னும். பத்தொன்பது இடம். அவன் நம்பவில்லை. ஏழாவதை உடைத்துக் காட்டினேன். கையளவுத் துண்டு பெயர்ந்து காலில் விழுந்தது. பிறகு அவன் என் பின்னால் சோக்குக் கட்டியோடு வந்து வட்டம் போட்டான். அவன் சப்பாத்தைப் பார்த்தேன். சேறு. துடைக்கவில்லை.

ஜனவரி 18, சனி

பூச்சு முடிந்தது. வெயில் ஏறுமுன் தொடங்கி, நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, ஒரே நாளில். நான்கு பேர் வேலை. நான் மட்டும் பூசியது பாதி. நன்றாகக் கணக்குப் பார்த்தால் பாதிக்கும் மேல்.

ஜனவரி 20, திங்கள்

நிரப்பியாயிற்று. தொடங்கினால் நிரம்பி முட்டும் வரை நிறுத்தப்படாது. நிறுத்தினால் தண்ணீர் நின்ற இடத்தில் புதுப் பூச்சில் ஒரு கோடு விழும், சாகும் வரை போகாது. குழாய் வாயில் சாக்கு சுற்றிக் கட்டினேன், பாயும் தண்ணீர் பூச்சைக் குத்தாமல் இருக்க. தண்ணீர் ஏற்றி வந்த பவுசர் லொறி ஒன்று செங்கலடியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. தடாகம் பாதியில். இளையதம்பியிடம் ஓடினேன், என்னத்தச் சொல்லிக் கேட்பது என்றுகூட யோசிக்கவில்லை. அவன் தன் பம்பைத் தன் கிணற்றில் இறக்கி ஓடவிட்டான். நல்ல தண்ணீர்; நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"காக்கா, இண்டைக்கி என்ட கிணத்த இறைக்கலாம். அது எழும்பாது," என்றான்.

அந்தக் குத்தையும் வாங்கிக்கொண்டேன். கோடு விழவில்லை.

பெப்ரவரி 1, சனி

திறந்தது. தடாகத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகரவேலி. ஆண்கள் உள்ளே போகப்படாது; எனக்கும் அதே சட்டம். நான் பூசிய தடாகத்தை நான் பார்க்கக் கூடாதாம். வாசலில் கதிரை போட்டு இருந்தேன், காவல் என்று பெயர்.

தண்ணீரில் விழுகிற சத்தம், சிரிப்பு, ஸுஹைனா எண்ணுகிற குரல். பிறகு நஸீறாவின் கூச்சல். எழும்பிவிட்டேன். மறுகா சிரிப்பு, அதுவும் நஸீறாதான். அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, கல்யாண வீட்டிலும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், மூன்று முழம் மிதந்ததாகச் சொன்னாள். நான் நாலு விரல் மிதக்கவிட்ட ஆள் என்றேன். ஆழப் பக்கம் விளிம்பு ஒரு விரல் உயர்ந்திருக்கிறதே, ஏன் என்று கேட்டாள். பிடித்து ஏற வசதிக்கு வேண்டுமென்றே வைத்தது என்று வாய் வரை வந்தது. மெய்யைச் சொன்னேன். அங்கேதான் எல்லாரும் பிடித்து ஏறுகிறார்கள் என்றாள்.

பெப்ரவரி 10, திங்கள்

மாங்கேணியிலிருந்து ஒருவர் ஃபோன் பண்ணுகிறார். ஸியாம் என்று பெயர். கடற்கரை விடுதி, பழைய தடாகம், புதிதாகப் பூச வேண்டும். ஷிஹான்தான் என் நம்பரைக் கொடுத்தானாம்.

"எத்தின தடாகம் செய்திரிக்கிங்க பாஸ்?"

"ஒண்டு," என்றேன். "அது ஒருக்கா மிதந்தது. மிதந்ததை இறக்கி வெச்ச வேற பாஸ் ஆரும் கிழக்கு மாகாணத்தில இரிந்தா, அவரக் கூப்பிடுங்க."

பிறகு, எப்போது வந்து தண்ணீரை இறைப்பீர்கள் என்று கேட்டார். இறைக்கிற கதையை மறுகா பேசுவோம், முதலில் உங்கள் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எத்தனை முழத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

பார்க்கப் போயிருக்கிறார். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வாளிக் கயிறு இறங்குகிற சத்தம் கேட்கிறது.