நாற்பத்தைந்து சுற்று

ஈசல்மி,
6 மார்ச் 2017

'கரிப்புகை' சிற்றிதழின் ஆசிரியர் திரு. தைஸ்தோ குய்க்கா அவர்களுக்கு,

வணக்கம். 'தேறக்கூடிய புதியவர்கள்' பகுதியில் எங்கள் 'பனிக்கல்லறை' குழுவின் முதல் இசைத்தட்டுக்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுத்திருக்கிறீர்கள். நன்றி. நீங்கள் எட்டைத் தாண்டியதே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

'இரண்டு அடிகளுக்கு நடுவே சவுனாக் குளியலறை அடுப்புக்கு விறகு வைத்துவிட்டு வரலாம். இந்த டிரம்ஸ்காரரின் பொறுமை இன்று நாட்டில் எவரிடமும் இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். பாடகரைக் 'குகையிலிருந்து எழுந்து வந்த கிழக்கரடி' என்றும்.

சிறு விஷயம்தான். அந்தத் தட்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டியது. முப்பத்துமூன்றில் ஓட்டிவிட்டீர்கள். நாங்கள் வாசிப்பது அதிவேக மெட்டல். கிழக்கரடி எங்கள் பாடகி இன்கா, வயது இருபத்தாறு, பள்ளிச் சமையலறையில் வேலை. படித்துவிட்டு, "கரடியா? பரவால்ல, போஸ்டர்ல போட்டுக்கலாம்" என்றாள்.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போதும். ஏப்ரல் 22 அன்று உங்கள் ஊரில் வாசிக்கிறோம். மெதுவான இசை என்று நம்பி வருகிறவர்கள் பாவம்.

குழுவில் எல்லோருக்கும் புனைபெயர். ஆனாலும் உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. அந்தப் பொறுமைசாலி நான்தான்.

ஓர்வோ ஹுட்டினென்
(1998, பதின்மூன்றாம் இதழ், நான்காம் பக்கம்: 'மாடிப்படியில் உருண்ட பசுமாடு' என்று நீங்கள் எழுதிய அதே டிரம்ஸ்காரன்.)


கயானி,
14 மார்ச்

திரு. ஹுட்டினென்,

இருபத்தைந்து ஆண்டுகளில் 'கரிப்புகை' ஒரு திருத்தம்கூடப் போட்டதில்லை. இப்போதும் போடாது.

தட்டின் நடுவில் எண்ணே இல்லை. எலும்புக்கூடு மட்டும் இருக்கிறது. எலும்புக்கூட்டைப் பார்த்து நான் எத்தனை சுற்று என்று கண்டுபிடிப்பது? இருந்தாலும் நியாயம் தவறக் கூடாது என்று நாற்பத்தைந்தில் ஓட்டிப் பார்த்தேன். அதே பசுமாடு. இந்த முறை கன்றுக்குட்டியும் சேர்ந்து உருள்கிறது. முப்பத்துமூன்றுதான் சரி. நீங்கள் செய்தது என்னவென்று உங்களுக்கே தெரியவில்லை.

என் தங்கை ஹில்க்கா காப்பி ஊற்றிக்கொண்டே, "பத்தொன்பது வருஷம் கழிச்சு மனுஷன் கடுதாசி போட்டிருக்கான். ஒரு வரி எழுதினா உன் தாடி கொட்டிடுமாண்ணே?" என்றாள். தாடியைப் பற்றிய பேச்சே இல்லை, தட்டைப் பற்றித்தான் என்றேன்.

பழைய கதையை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். அந்த விமர்சனம் வந்த மறுநாள் என் சவுனாவிலிருந்து, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் அகப்பையைத் தூக்கிக்கொண்டு போனது யார்? செம்பு அகப்பை. அன்றிலிருந்து பிளாஸ்டிக் குவளையில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

தை. குய்க்கா


ஈசல்மி,
20 மார்ச்

தைஸ்தோ,

இனி 'நீங்கள்' எல்லாம் வேண்டாம். அகப்பை என்னிடம்தான் இருக்கிறது. அது நான் வாங்கிக் கொடுத்தது.

அட்டையின் பின்பக்கம் பார்த்தாயா? முதல் பாட்டு நான்கு நிமிடம் பத்து நொடி என்று அச்சிட்டிருக்கிறோம். உன் வீட்டில் எவ்வளவு நேரம் ஓடியது? அட்டையைக்கூடப் படிக்காமலா ஊருக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறாய்?

அந்தப் பசுமாட்டுக்குப் பிறகு டிரம்ஸை விற்றுவிட்டேன். பதினாறு வருடம் குச்சியைத் தொடவில்லை. போகிற இடமெல்லாம் யாராவது "ம்மா" என்று கத்துவார்கள். இந்த வயதில் கையை மறுபடி பழக்க மூன்று வருடம் ஆனது. இப்போது நீ ஒன்பதரையைத் தூக்கி யாரோ ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறாய். அவன் நானில்லை. உன் ஒன்பதரை எனக்கு வேண்டாம். இரண்டு கொடு. ஆனால் நான் வாசித்ததற்குக் கொடு.

திருத்தம் வராவிட்டால் இனி உனக்கு எழுத மாட்டேன்.

ஓர்வோ


கயானி,
24 ஏப்ரல்

ஓர்வோ,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது.

அட்டைகள் பொய் சொல்லும் என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி வந்து, அலமாரியில் இருக்கும் என் கேசட் பிளேயரில் உன் 1998 கேசட்டைப் போட்டேன். அட்டையில் ஆறு நிமிடம். ஐந்தரையில் முடிந்துவிட்டது. பார்த்தாயா என்றேன். ஹில்க்கா, "இன்னொண்ணு போடு" என்றாள். இருபத்திரண்டு கேசட் போட்டோம். எல்லாமே அதே அளவு முந்திக்கொண்டு முடிகின்றன.

"நாடு பூரா கூடிப் பேசி ஒரே பொய்ய அச்சடிச்சிருக்காங்களாண்ணே?" என்றாள்.

பிறகு தன் பழைய கேசட் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் உன் பாட்டு சரியாக ஆறு நிமிடம் ஓடியது. பசுமாடு உருளவில்லை. ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கி வந்தது.

'அவசரக்காரர்கள்' என்று இத்தனை வருடம் எத்தனை குழுக்களைத் திட்டியிருக்கிறேன்! அவசரக்காரன் என் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறான்.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில் இது வருகிறது:

'திருத்தம். பதின்மூன்றாம் இதழ், நான்காம் பக்கம். டிரம்ஸ் சரியாகவே இருந்தது. பசுமாடு விமர்சகருடையது.'

சனிக்கிழமை உங்கள் நிகழ்ச்சிக்கு வந்திருந்தேன், பின்சுவர் ஓரமாக. அந்தப் பெண் மைக்கில், "கரடின்னு எழுதின பெரியவர் வந்திருக்காரா? மேல வாங்க, கடிக்க மாட்டேன்!" என்றதும் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளம்புமுன் கேட்டவரைக்கும் ஏழு மதிப்பெண். அது உனக்கு. அடுத்த இதழில் வரும். நாற்பத்தைந்து சுற்று என்றும் போடுகிறேன். மூன்றாவது பாட்டில் உன் இடது கால் பிந்துகிறது. ஆமாம், பிந்துகிறது. ஒன்பதரையைக் குறைக்க மாட்டேன். அது முப்பத்துமூன்றில் வாசித்த அந்த மனிதருக்கு. யாரென்று தெரிந்தால் சொல்.

இன்னும் முந்நூற்று எண்பது கேசட் பாக்கி. எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். தனியாகக் கேட்டால் மறுபடி ஏதாவது தப்பு நடக்கும் என்கிறாள் ஹில்க்கா. சனிக்கிழமைகளில் சவுனா நாலு மணிக்குச் சூடாகிவிடும்.

அகப்பையைக் கொண்டு வா.

தைஸ்தோ