நிறைந்தே திரும்பிய பாட்டில்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. விடிந்ததும் கோழி ஷெட்டுத் தார்ப்பாய் பிய்ந்து அடித்துக்கொண்டது. கட்டக் கயிறு தேடியதில் மகிக்கு ஜடை போட நேரமில்லை, ஒற்றை ரிப்பன்தான். வேன்காரர் ஹார்னை விடாமல் அமுக்கினார். ஒரு நிமிடம் பொறுக்க மாட்டார் மனுஷன். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன், அவர் காதில் விழாமல்.

மாலை பெற்றோர் கூட்டம். இரண்டாம் வகுப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று முனகிக்கொண்டேதான் போனேன். கிளாஸ் மிஸ் சின்னப் பெண். "மகிழினி ரொம்ப நல்ல பொண்ணுங்க மேடம். உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கவே மாட்டா." எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் கேட்டவை: கையெழுத்து, வாய்ப்பாடு, ரேங்க் உண்டா. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். நகம், ஷூ பாலிஷ், ரிப்பன் நிறம். பிரிட்ஜில் ஒட்டியாயிற்று.

மகியின் தண்ணீர் பாட்டில் இன்றும் நிறைய. வழக்கம்போலக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். "ஏஞ்சாமி, குடிக்கல?" "மறந்துட்டேனுங்கம்மா." அப்பன் மறதி அப்படியே.

ஜூலை 23, புதன்

இரண்டாம் ஷெட் தொட்டி. நேற்று நிரப்பிய தண்ணீர் பாதிகூடக் குறையவில்லை. கோழிக்கு ஏதாவது வரப்போகிறது என்றால் தீவனத்துக்கு முன்னால் தண்ணீரைத்தான் குறைக்கும். எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பினேன். கால்நடை டாக்டருக்கு போன். மதியத்துக்குள் மருந்து கலந்தாயிற்று.

"நீ பாக்கலீன்னா ஒரு ஷெட்டே போயிருக்கும் புள்ள," என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். எழுதி வைக்கிறேன்.

மாலை மகி வேனிலிருந்து இறங்கிப் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினாள். உள்ளே அழுகை. "எரியுதுங்கம்மா." இளநீர் கொடுத்தேன். உடம்பு லேசாகச் சுடுகிறது. நாளை லீவு.

ஜூலை 24, வியாழன்

நாமக்கல், குழந்தை டாக்டர். சரியான கூட்டம். யூரின் டெஸ்ட். கிருமி இருக்கிறது.

"ஸ்கூல்ல பாத்ரூம் போறாளா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் மகியைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

"தண்ணி எவ்வளவு குடிக்கறா?"

கறிவேப்பிலைச் செடிதான் ஞாபகம் வந்தது. இந்த ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க, பாட்டில் நிறைந்தேதான் திரும்பியிருக்கிறது. அடக்கி வைத்தால் திரும்பத் திரும்ப வரும், கிட்னிக்கு நல்லதில்லை என்றார். பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது. கோழிக்குத் தொட்டியை எட்டிப் பார்க்கத் தெரிந்தது. பெற்ற பிள்ளையின் பாட்டிலைச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன். சீ.

ஏன் குடிப்பதில்லை என்று எத்தனை விதமாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

அவர் உடனே முடிவுக்கு வந்துவிட்டார். "பேசாம ஹாஸ்டல்ல போட்டுருலாம். பக்கத்துப் பண்ணை ஹர்ஷிதா போயிருக்கற ஸ்கூல்தான். மணி அடிச்சுத் தண்ணி குடிக்க வெப்பாங்க."

"ஏனுங்க, ஏழு வயசுங்க."

"நம்மூர்ல யாரு போடாம இருக்காங்க சொல்லு?"

உண்மைதான். இங்கே எல்லோரும் போடுகிறார்கள். ஹர்ஷிதா போன வருடம் வரை மகியோடு ஒரே பெஞ்ச். ஜூனில் டிரங்குப் பெட்டியோடு போனவள், மாதம் ஒருமுறைதான் அம்மாவைப் பார்க்கிறாள். இதெல்லாம் பேசும்போது மகி கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். பிறகுதான் பார்த்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

மாத்திரை முடிந்தது. நேற்றும் இன்றும் பாட்டில் காலி! சொட்டு இல்லை. கேசரி கிண்டினேன். "ஹாஸ்டல்னு ஒரு வார்த்த சொன்னது எப்படி வேல செய்யுது பாரு," என்று அவருக்கு ஒரே குஷி.

வாங்க: தேங்காய் எண்ணெய், ரிப்பன், மகிக்கு உள்பாவாடை.

ஜூலை 31, வியாழன்

மறுபடியும் எரிகிறதாம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாட்டில் காலியாகத்தானே வருகிறது. மாலை வேன்காரர் மகியை இறக்கிவிட்டு, வண்டியை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா எறங்குனதும் பாட்டல வேலியோரமாக் கவுத்துட்டுத்தானுங்க ஊட்டுக்குள்ள வருது. மூணு நாளாப் பாக்கறனுங்க. இன்னிக்கு நீங்க வாசல்லயே நிக்கங்காட்டி கவுக்கல."

கையில் வாங்கிப் பார்த்தேன். கனத்தது. இவரைத்தான் காலைதோறும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடிக்கத்தான் கை வந்தது. அடிக்கவில்லை. தீவன மூட்டை மேல் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஹாஸ்டல்ல போட மாட்டீங்கள்ல?"

"மாட்டேன் சாமி."

அவரைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். வருவது வரட்டும்.

மெதுவாகச் சொன்னாள். "பாத்ரூம் கதவுல தாழ்ப்பா இல்லீங்கம்மா. உள்ள போனா பசங்க தள்ளி உட்டுட்டுச் சிரிக்கறாங்க. ஹர்ஷி இருந்தப்ப அவ வெளிய நின்னு புடிச்சுக்குவா. அவ போனா நான் புடிச்சுக்குவேன்."

இவ்வளவுதான் விஷயம். கதவைப் பிடிக்க ஆளில்லாமல் போய், தண்ணீரையே விட்டுவிட்டாள். காலையில் வேன் ஏறினால் மாலை வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காத நல்ல பெண். இதற்குத்தான் நான் பெருமைப்பட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டரம்மாவிடம் மறுபடி மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். எச்.எம். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். "நாங்க போன வருசமே எழுதிக் குடுத்துட்டோங்க. மேனேஜ்மெண்ட்டுல பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. வேற எந்தப் பேரண்ட்டும் கம்ப்ளெய்ண்ட் பண்ணலீங்களே."

டீயைத் தொடாமல் எழுந்து மகி வகுப்புக்குப் போனேன், எச்.எம். பின்னாலேயே வந்தார். வகுப்பு ஜன்னல் மேடையில் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்கள். மதியம் தாண்டிவிட்டது. பையன்கள் பாட்டில் எல்லாம் பாதி, கால். பிங்க் பாட்டில்கள் பெரும்பாலும் கழுத்து வரை அப்படியே நின்றன.

"மத்த பேரண்ட்ஸ் சொல்ல வேண்டாங்க மேடம். இத வந்து பாருங்க," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மகி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்க:
கதவு சாத்துமா
எழுந்து போகணும் என்றால் கேட்கிறாளா, விடுகிறார்களா
மதியம் யாரோடு சாப்பிடுகிறாள்
ஹர்ஷி இடத்தில் இப்போது யார்
கையெழுத்து எப்படிப் போனால் என்ன

அவரிடம் எல்லாம் சொன்னேன். தாடையைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு தாழ்ப்பாளுக்கு எதுக்குப் புள்ள மேனேஜ்மெண்ட்?"

ஆகஸ்ட் 2, சனி

பள்ளி விடுமுறை. டிரில்லிங் மெஷின், ஷெட்டுக் கதவுக்கு வாங்கி வைத்திருந்த இரும்புத் தாழ்ப்பாள், மகி, எல்லாவற்றையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார். வாட்ச்மேனிடம் ஏதோ சத்தம் போட்டுத்தான் உள்ளே விட்டார்களாம். போனில் போட்டோ வந்தது. "லாரியே வந்து மோதுனாலும் தொறக்காது." மகியும் சிரித்துக்கொண்டு வந்தாள். அப்பாடா.

நாளை ஆடிப் பதினெட்டு. தேங்காய், பூ, எலுமிச்சை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பாட்டில் முழுசாக நிறைய. கவிழ்க்கக்கூட இல்லை, அப்படியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அடிவயிறு வலிக்கிறது என்றாள்.

அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தாழ்ப்பாளும் போட்டாச்சு. இன்னும் என்ன? வீம்பு. இது சரிப்படாது, நாளைக்கே ஹாஸ்டலுக்குப் போன் பண்றேன்." மகி என் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"போன் பண்ணுனீங்கன்னா நானும் அவகூடப் பொட்டியக் கட்டிக்குவேன்," என்றேன். கல்யாணமாகி இப்படிப் பேசியதில்லை. அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

போட்டோவை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாழ்ப்பாள் மேலே. அதற்குப் பக்கத்தில் இவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். தாழ்ப்பாளும் இவர் தோளும் ஒரே உயரம். மனுஷன் ஆறடி.

மகியை எங்கள் பாத்ரூம் கதவோடு நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொன்னேன்.

"எட்டலீங்கம்மா. எக்கியும் பாத்தேன்."

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். மகி பக்கத்தில் குந்தினார்.

"ஏஞ்சாமி, அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்கப்பா."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பள்ளி திறக்கும் முன்னே அவரும் மகியும் பைக்கில் போனார்கள். இந்த முறை மகியைக் கதவோடு நிற்க வைத்து, கை எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கே இன்னொரு தாழ்ப்பாள். உள்ளே போய்ப் போட்டுக் காட்டு, எடுத்துக் காட்டு என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாராம். ஹாஸ்டல் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. தீவனத்தை ஒரு வரிசைக்கு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

வேன் வந்தது. வேன்காரருக்கு மோர் கொடுத்தேன், விழித்தார். பாட்டிலை வாங்கினேன். காலி. நம்பவில்லை நான். வேலியோரம் போய்க் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த புழுதி.

"ரெண்டு தடவ போனனுங்கம்மா," என்று ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணாங் கிளாஸ் பாப்பாவுக்கு அந்தத் தாழ்ப்பாவும் எட்டல. அழுதுட்டு நின்னா. நான் வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கிட்டேன்."

கறிவேப்பிலைச் செடி வாடிக் கிடக்கிறது. இனி குழாயில்தான் பிடித்து ஊற்ற வேண்டும்.