பாலிஷ் போட்ட கடிகாரம்

நம் கடிகாரத்திலிருந்து பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை. வேலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது மூக்கருகே வந்துவிடுகிறது. உன் வாசனை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று முதல் நாள் முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் தேய்த்த மருந்துதான் மணந்தது.

நாம் இருவரும் சேர்ந்து வாங்கியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் உன்னுடையது தனி, என்னுடையது தனி. ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில், ஆண்கள் கட்டும் பழைய சுவிஸ் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களை இரண்டு பெண்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், "ஹஸ்பண்டுக்கா அக்கா?" என்று கேட்காத வியாபாரி இல்லை. "அவருக்குப் போன்ல மணி பார்த்தா போதும் லா" என்பாய்.

இதன் வெள்ளை முகப்பு வயதாகி ஆற்றி ஊற்றிய தே தாரிக் டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. "இந்தக் கலர் தானா வரணும்டீ. விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது, உன்னையும் தூங்க விடமாட்டேன்" என்றாய். தனியாக வாங்க இருவருக்குமே வசதியில்லை. சேர்ந்து வாங்கினோம்.

சாவி கொடுக்க வேண்டாம், கை அசைந்தால் ஓடும், கழற்றி வைத்தால் நின்றுவிடும். அதனால் ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு. வெள்ளிக்கிழமை மதியம் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில், இலை போடுவதற்குள் கை மாறிவிடும். உன்னிடமிருந்து வரும்போது தோல்வார் சூடாக இருக்கும்.

உன் வாரம் ஒன்றில் வீட்டு கேட்டில் இடித்து விளிம்பில் ஒரு கீறல் விழுந்தது. "திட்டிடுடீ, சாப்பாடு இறங்கல" என்றாய். எனக்குத் திட்ட வரவில்லை. பாலிஷ் மட்டும் போடக்கூடாது என்று உடனே முடிவு செய்தோம். தேய்த்தால் உலோகம் கரைந்து விளிம்பு மழுங்கிவிடும். முகப்புக்குப் புதுப் பெயின்ட் அடித்த கடிகாரத்தைச் சந்தையில் கண்டால் நீ கையிலேயே எடுக்கமாட்டாய். "கல்யாண மேக்கப் போட்டு வந்திருக்கு, வா போலாம்" என்று இழுத்துக்கொண்டு போவாய்.

நீ நோயில் படுத்தது உன் வாரத்தில். கடிகாரம் உன் வீட்டிலேயே இருந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து உன் கணவர் கூப்பிட்டார். போர்ட் கிள்ளானில் ஷிப்ட் முடிந்து, சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார்.

"உங்க ரெண்டு பேரு சாமான்மா. அழுக்கோட திருப்பிக் கொடுக்க மனசு வரல. முகப்புக்குப் புதுசா பெயின்ட் அடிக்கச் சொன்னேன். அந்தக் கீறல்கூட போயிருச்சு, பாருங்க."

பார்த்தேன். முகப்பு பீங்கான் தட்டுபோல வெளுத்திருந்தது. எண்கள் தடித்துப்போயிருந்தன. நீ இடித்த இடத்தை விரலால் தடவித் தேடினேன். வழவழவென்றிருந்தது.

"அவ இருந்தா சந்தோஷப்பட்டிருப்பா, இல்ல?" என்று கேட்டார்.

அந்த மனிதர் உனக்குக் கஞ்சி ஊட்டினார், தலை வாரினார், ஒவ்வொரு டாக்டரிடமும் கெஞ்சினார். எதுவும் பலிக்கவில்லை. இது ஒன்றுதான் அவர் நினைத்தபடி முடிந்திருந்தது. கெடுத்துவிட்டீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

"ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பா அண்ணே" என்று சொல்லி, அவர் எதிரிலேயே கட்டிக்கொண்டேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

போன ஞாயிறு சந்தையில் நமக்குத் தெரிந்த வியாபாரி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஐயோ அக்கா, யாரு இப்படிப் பண்ணுனது? பழைய முகப்பு ஒண்ணு தேடிப் பிடிச்சு மாத்தித் தரவா?"

வேண்டாம் என்றேன். நீயும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய். சொல்லிவிட்டு, வீடு சேரும்வரை உன் கணவரைத் திட்டித் தீர்த்திருப்பாய். நீ என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருப்பாய் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே காரை ஓட்டினேன்.