ஏழாம் வண்டி

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? அக்காவின் முட்டிவலி தேவலையா? நம் கம்பெனிக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து வயது. வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம். ஆளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கைகால் அளந்து, அவருக்கென்றே மோட்டார் சைக்கிள் கட்டிக்கொடுத்த கதையெல்லாம் வருகிறது. முதல் ஆறு வண்டிகளைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் உண்டு. ஏழாவதை விட்டுவிடலாம். ஆறுக்கு அடுத்து எட்டு வந்தால் யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்?

உடனே பதில் போடுங்கள். இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் வைத்த பெயரோடே,
அவசரம்

மார்ச் 11

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவுக்கு முட்டி தேவலை, வாய்தான் ஓயவில்லை. ஒடிந்த கேட்டைக் கம்பியால் கட்டிவைத்திருக்கிறேன். “ஊருக்கே வண்டி கட்டினவரு, வீட்டுக் கேட்டைப் பத்தவைக்க மாட்டேங்கிறாரு” என்று தினமும் பாட்டு.

முதல் வண்டியை வாடகைக் கொட்டகையில் கட்டினோம். வெளியே தள்ளும்போதுதான் கைப்பிடி கதவைவிட அகலம் என்று தெரிந்தது. நிலையை இடித்தோம், எழுதிக்கொள். நம் வழக்கத்தையும் எழுது. நான் பற்றவைப்பேன். நீ வெற்று இரும்பாகவே ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி ஒவ்வொரு இணைப்பையும் பார்ப்பாய். நீ சரி என்ற பிறகுதான் பெயிண்ட்.

ஏழாவதை விடாதே. கைப்பிடி பொருந்தும் கழுத்து ஒடிந்து வண்டியை வாங்கிய மனிதருக்குக் கால் போனது என் பற்றவைப்பால்தான். அன்று கம்பெனியை விட்டு வந்தவன், இன்றுவரை வெல்டிங் டார்ச்சைத் தொடவில்லை.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 19

அத்தான்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஏழாவதை ஐம்பது கிலோமீட்டர்தான் ஓட்டினேன். கழுத்தருகே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. சொன்னால் அறுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். வண்டிக்காரர் மறுநாள் வருவதாக இருந்தது. வெறும் கீறல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தேன். உங்களிடம் சரி என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் “என் தப்புதான்” என்று நீங்கள் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

நேரில் வரட்டுமா?

அவசரம்

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அன்று முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. எனக்குக் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. விரிசல் விட்டது என் கை. மறைத்தது நீ. இரண்டையும் புத்தகத்தில் போடு.

நேற்று டார்ச்சை வாடகைக்கு எடுத்துக் கேட்டைப் பற்றவைத்தேன். கை நடுங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் முடித்துவிட்டேன். இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. ஏழாம் வண்டி அச்சான புத்தகத்தோடு வா. இணைப்பைக் குனிந்து பார்த்து நீ சரி என்றால்தான் பெயிண்ட். அதுவரை துருப்பிடித்தால் பிடிக்கட்டும்.

அத்தான்